சார்லஸ் எண்டர்பியும் தென்கடல் கப்பல் வணிகமும்

முன்னுரை

பாய்மரக் கப்பல் காலத்தில் இலண்டனிலிருந்து தென்கடல் திமிங்கில வேட்டையை நடத்திய குடும்ப நிறுவனங்களுள் சாமுவேல் எண்டர்பி அண்ட் சன்ஸ் பெயர் பெற்றது. அதன் இறுதித் தலைமுறையைச் சேர்ந்த சார்லஸ் எண்டர்பி (1797–1876) கடலோடிகளின் கூற்றை நம்பிப் பெற்ற புகழையும், அதே நம்பிக்கையால் அடைந்த வீழ்ச்சியையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

குடும்பப் பின்புலம்

சார்லசின் பாட்டனார் சாமுவேல் திமிங்கில எண்ணெய் வாணிகத்தால் நிறுவனத்தை நிலைபெறச் செய்தார். 1788இல் இலண்டனிலிருந்து புறப்பட்ட அவர்களது எமீலியா என்னும் கப்பல், ஹார்ன் முனையைச் சுற்றிச் சென்று பசிபிக் பெருங்கடலில் பிரித்தானியர் வேட்டைக்கு வழிதிறந்தது. தந்தையார் இளைய சாமுவேல் 1829இல் மறைந்தபின், பொறுப்பு சார்லசிடமும் உடன்பிறந்தாரிடமும் வந்தது.

வணிகமும் நிலத்தேடலும்

1830இல் தோன்றிய இலண்டன் புவியியல் கழகத்தில் தொடக்கத்திலேயே உறுப்பினரான சார்லஸ், வேட்டையோடு புதுநிலம் தேடுவதையும் தம் கப்பல் தலைவர்களிடம் ஒப்படைத்தார். ஜான் பிஸ்கோ 1831இல் கண்ட அண்டார்க்டிகக் கரை எண்டர்பி நிலம் எனப் பெயர் பெற்றது. ஆயினும் துலா, லைவ்லி என்னும் அவருடைய இரு கப்பல்களில் லைவ்லி பாக்லாந்துத் தீவுகளில் உடைந்தது. கிடைத்த கடல்நாய்த் தோல்களோ மிகச் சில. பிற வணிகருடன் இணைந்து சார்லஸ் அனுப்பிய ஜான் பலெனி, 1839இல் தம் பெயரால் வழங்கும் தீவுகளைக் கண்டார். உடன்சென்ற சப்ரினா ஆட்களோடு கடலில் மறைந்தது. நிலப்படம் வளர்ந்தது; முதல் கரைந்தது.

ஆக்லாந்துத் தீவுகள்

நியூசிலாந்துக்குத் தெற்கேயுள்ள ஆக்லாந்துத் தீவுகளை 1806இல் கண்டவர் எண்டர்பி நிறுவனத்துக் கப்பல் தலைவர் ஆபிரகாம் பிரிஸ்டோ. 1840இல் அங்குச் சென்ற ஜேம்ஸ் கிளார்க் ராஸ், வேட்டைக் கப்பல்களுக்கு ஏற்ற இடமென அவற்றைப் பரிந்துரைத்தார். சரிந்த வணிகத்தை மீட்க, சார்லஸ் அரசின் ஒப்புதலுடன் 1849 திசம்பரில் துணை ஆளுநராக அங்குச் சென்று குடியேற்றம் அமைத்தார். மவோரியரும் மோரியோரியரும் அங்கு முன்னரே வாழ்ந்திருந்தனர். ஓயாக் காற்றும் மழையும் சதுப்பு மண்ணும் பயிரை வளரவிடவில்லை. திமிங்கிலங்களும் போதிய அளவில் கிட்டவில்லை. துறைமுகத்தின் சிறப்பை நிலத்தின் வளமாகக் கொண்டதே பிழையாயிற்று. 1852இல் குடியேற்றம் கைவிடப்பட்டது. 1854இல் நிறுவனமும் முடிவுற்றது.

முடிவுரை

ஆளில்லாப் பனிக்கரையைக் கண்டு குறிக்க ஒரு கப்பல் தலைவரின் சான்று போதுமானதாக இருந்தது. மக்களைக் குடியமர்த்த அது போதவில்லை. இவ்வேறுபாட்டைச் சார்லஸ் உணராமையே மூன்று தலைமுறை வணிகத்தின் முடிவை விரைவுபடுத்தியது எனலாம். அவர் வறுமையில் மறைந்தார். குடும்பப் பெயர் அண்டார்க்டிக நிலப்படத்தில் நிற்கிறது.