கோபாலகிருஷ்ண பாரதியார்

சைவ உலகம் நந்தனார் என்று போற்றும் திருநாளைப்போவாரின் வரலாற்றை மேட்டூரை அடுத்த மேச்சேரியில் யாம் முதற்கண் அறிந்தது பெரியபுராணம் ஓதியன்று; கீர்த்தனங்களைக் கேட்டேயாம். அக்கீர்த்தனங்களை இயற்றிய பாரதியாரின் வாழ்க்கை, பாட்டியற்றுவோர்க்கும் நூலாராய்வோர்க்கும் ஒருங்கே பயன்படுவதாம்.

பாரதியார் 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாகப்பட்டினத்தை அடுத்த நரிமணத்தில் இசைவாணர் குடியிற் பிறந்தார். மாயூரத்தில் கோவிந்தசிவம் என்பாரிடம் ஞானநூல்களையும், திருவிடைமருதூரில் இராமதாசர்பால் இந்துஸ்தானி இசையையும் கற்றார். இல்லறம் புகாது, ஆனந்ததாண்டவபுரத்து அண்ணுவையரின் ஆதரவில் எளிய வாழ்க்கை நடத்தினார். கதை சொல்லும் பாகவதர்கள் வேண்டுவனவற்றை உணர்ந்து, இயற்பகையார், திருநீலகண்டர், காரைக்காலம்மையார் முதலியோர் சரிதங்களையும் கீர்த்தனங்களாக்கினார். எனினும் அவர்க்குப் பெரும்புகழ் தந்தது நந்தனார் சரித்திரமே. கீர்த்தனம், கண்ணி, நொண்டிச்சிந்து, தண்டகம் எனப் பல உருக்களில் அதனை யாத்தார். பண்ணையாளின் பேச்சைப் பண்ணையாளின் சொல்லாலேயே அமைத்தார்.

இந்நூலிற் புராணத்தில் இல்லாத வேதியர் ஒருவர் நந்தனாரின் ஆண்டையாக வருகின்றார். 40 வேலி நிலத்து வேலையை முடித்தாலன்றித் தில்லைக்குச் செல்ல விடை கொடார். சேக்கிழார் பெருமான் காட்டியதோ, தம் பிறப்பை நினைந்து நந்தனார் தாமே எல்லையில் நின்று வருந்திய நிலையாகும். திருவாவடுதுறை ஆதீன வித்துவான் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் இம்மாற்றத்தையும் இலக்கண வழுக்களையும் கண்டு, சிறப்புப்பாயிரம் அளிக்கத் தயங்கினார்கள். பாரதியார் சினவாது பன்முறை சென்று காத்திருந்தார். ஒருநாள் அவர் வாயிலில் அமர்ந்து தம்மை மறந்து பாடியதைக் கேட்ட பிள்ளையவர்கள் கண்ணீர் பெருக்கிப் பாயிரம் அளித்தார்கள் என்பர்.

இவ்விருவருள் யார் பக்கம் நீதி? புராணத்தைக் காத்தல் புலவர் கடமையாகலின், பிள்ளையவர்களின் தயக்கம் தக்கதே. கற்பனையைப் புராணமென மயங்குவார் இன்றும் உளர். அம்மயக்கத்தை நீக்குதல் நம்மனோர் பொறுப்பாம். ஆயினும் வேதியர் வெறுங்கற்பனை அல்லர். தஞ்சை நாட்டுப் பண்ணையடிமையைப் பாரதியார் நாடோறும் கண்டவர். அக்கட்டினைப் பாசக்கட்டின் உருவமாகவும் கொள்ளலாம். ஈற்றில் அவ்வாண்டையே அடியவர் திருவடியில் விழுகின்றார். அடியார்க்குக் குலம் இல்லை என்னும் சித்தாந்த உண்மையை, ஏடறியா ஏழை மக்கட்கும் இதனினும் எளிதாக உரைத்தது யாது?

1871 இல் மாயூரத்தில் உ. வே. சாமிநாதையர் அவர்களும் இவரிடம் சின்னாள் இசை பயின்றார்கள். தமிழ்க்கல்விக்கு இடையூறாகுமெனப் பிள்ளையவர்கள் கருதியதால் அப்பயிற்சி நின்றது. பின்னர் அவ்வையரவர்களே பாரதியாரின் வரலாற்றை எழுதி உலகிற்கு அளித்தார்கள்.

பொருளை நாடாது, புகழைத் துரத்தாது, ஒரு பாயிரத்திற்காக வாயிலில் அமர்ந்திருந்த பொறுமையே பாரதியார் பாட்டின் வித்து. இலக்கணம் வேலி, அன்பு விளைவு. வேலியைப் பேணும் நாம் விளைவை மறவாதிருப்போமாக.