யோஹான்னஸ் கெப்ளர்: இரவல் தொலைநோக்கியும் குறுக்கிழையும்

பொழுதுபோக்காக இலக்குச் சுடுவோர் துப்பாக்கிக்குத் தொலைநோக்கி வாங்கும்போது உருப்பெருக்கம், வில்லையின் விட்டம், குறுக்கிழை எனப் பலவற்றை ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். அந்தக் கருவியின் ஒளியியல் அடிப்படையை வகுத்தவர், பார்வைக் குறைபாடுடைய ஒரு வானியலாளர்.

கெப்ளர் 1571 டிசம்பர் 27 அன்று தென் ஜெர்மனியின் வைல் டெர் ஸ்டாட் என்ற சிற்றூரில் பிறந்தார். சிறுவயதில் கண்ட பெரியம்மை அவர் பார்வையைக் கெடுத்தது. டூபிங்கனில் படித்து, 1594இல் கிராஸ் நகரில் கணித ஆசிரியரானார். 1600இல் பிராக் சென்று டைக்கோ பிராகேயிடம் சேர்ந்தார். மறு ஆண்டு டைக்கோ இறந்ததும் பேரரசர் இரண்டாம் ரூடால்பின் அவைக் கணிதரானார். செவ்வாயின் பாதை நீள்வட்டம் என்பதை 1609இல் வெளியிட்டார்.

வியாழனின் நான்கு நிலவுகளைக் கண்டதாக 1610இல் கலிலியோ அறிவித்தபோது, நேரில் பார்க்காமலே கெப்ளர் அவரை ஆதரித்து எழுதினார். ஆயினும் கலிலியோவின் தொலைநோக்கி அவருக்கு வரவில்லை, பெருமக்களுக்கே போயிற்று. அவற்றில் ஒன்றை வைத்திருந்தவர் கொலோன் பேராயர் எர்ன்ஸ்ட், பேரரசரைத் தேர்ந்தெடுக்கும் எழுவரில் ஒருவர். பிராக் வந்திருந்த அவர் அதைக் கெப்ளருக்கு இரவல் தந்தார். ஆகஸ்ட் 30 முதல் செப்டம்பர் 9 வரையே அவகாசம். பார்த்தவர்கள் தனித்தனியே வரைந்து, பிறகு ஒப்பிட்டார்கள். நிலவுகள் மெய்யென்று உறுதியாயிற்று.

அக்கருவி எப்படி வேலை செய்கிறது என்பதை விளக்கிச் சில வாரங்களில் அவர் எழுதிய 'டயாப்ட்ரீஸ்' 1611இல் அச்சாயிற்று. அதை எர்ன்ஸ்டுக்கே காணிக்கையாக்கினார். கலிலியோவின் குழாயில் கண்ணருகே இருந்தது குழிவில்லை. அங்கும் குவிவில்லையை வைக்கலாம் என்றார் கெப்ளர். பிம்பம் தலைகீழாகத் தெரியும். மூன்றாவது குவிவில்லை அதை நிமிர்த்தும். இந்த அமைப்பில் குழாய்க்குள்ளேயே மெய்யான பிம்பம் விழுகிறது. சுமார் 1640இல் வில்லியம் காஸ்கோயின் என்ற ஆங்கிலேயரின் குழாயில் ஒரு சிலந்தி அதே இடத்தில் இழை ஓட்டியது. இழையும் காட்சியும் ஒருங்கே தெளிவாகத் தெரிந்தன. குறுக்கிழை பிறந்த கதை இதுதான்.

இன்று வாங்குபவரும் இதையே சோதிக்க வேண்டும். துப்பாக்கியை அசைக்காமல் தலையை மட்டும் சற்று நகர்த்தினால் குறுக்கிழை இலக்கின்மேல் நகர்கிறதா? நகர்ந்தால், பிம்பமும் இழையும் ஒரே தளத்தில் இல்லை. 10 மீட்டரில் காற்றுத் துப்பாக்கி சுடுபவருக்கு அந்தத் தூரத்துக்குச் சரிசெய்யக்கூடிய கருவியே தேவை. பெருக்கத்திலும் பேராசை ஆகாது: 40 மில்லிமீட்டர் வில்லையில் 10 மடங்குக்கு 4 மில்லிமீட்டர் ஒளிக்கற்றை கண்ணுக்கு வரும், 20 மடங்குக்கு 2தான். அந்தியில் காட்சி இருண்டுவிடும்.

நூல் வெளியான 1611இலேயே கெப்ளர் தம் சிறு மகனையும் மனைவியையும் இழந்தார். பின்னர் தாய்மீது சூனியக்காரி என்ற குற்றச்சாட்டு விழுந்தது. வாதாடி 1621இல் மீட்டார். தமக்கு வரவேண்டிய சம்பளப் பாக்கியைக் கேட்கப் போன ரெகன்ஸ்பர்க் நகரில் 1630 நவம்பர் 15 அன்று இறந்தார். முப்பதாண்டுப் போரில் அவர் கல்லறையும் அழிந்தது. பத்து நாள் இரவலில் அவர் கண்டு எழுதியது மட்டும் ஒவ்வொரு குறுக்கிழைக்குப் பின்னும் இருக்கிறது.