10 வெள்ளியில் ஒரு தோட்டம்

சிக்கனம் என்ற பேச்சு வந்தாலே, ஜாசின் வட்டாரத்தில் பால்மரம் வெட்டிய என் பாட்டி துன் வீ.தி.சம்பந்தனைத்தான் நினைவுகூர்வார்.

1919இல் சுங்கை சிப்புட்டில் ரப்பர் தோட்ட உரிமையாளரின் மகனாகப் பிறந்தவர் அவர். நாடு விடுதலை பெற்ற காலத்தில் ஆங்கிலேயக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றன. தொழிலாளர்களுக்கு வேலையோடு வீடும் பறிபோனது. அமைச்சராக இருந்த சம்பந்தன் தோட்டம் தோட்டமாகச் சென்று, மாதம் 10 வெள்ளி சேமிக்கச் சொன்னார். 100 வெள்ளி சேர்ந்தால் ஒரு பங்கு. 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் உருவானது. மறு ஆண்டே கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கியது. வசதியோடு அரசியலுக்கு வந்தவர் 1979இல் மறைந்தபோது, பரம்பரைச் சொத்தில் பெரும்பகுதி கரைந்திருந்தது.

வருமானம் சுருங்கும்போது செலவைக் குறைப்பது பாதி வழிதான். மிச்சம் பிடித்ததைப் பலரும் ஒன்றாகச் சேர்த்தால் காலடி மண்ணும் சொந்தமாகும். அவரிடம் நான் கற்றது அதுதான்.