தோட்டத்தைப் பாடமாக்கிய கார்வர்

ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் என்றதும் நிலக்கடலையிலிருந்து முந்நூறு பொருள்களை ஆக்கிய அறிவியலறிஞர் என்பதே பலர் நினைவுக்கு வரும். அது அவர் வாழ்வின் ஒரு பகுதி. அதுவும் சற்று மிகைப்படுத்திச் சொல்லப்பட்ட பகுதி. கடலை வெண்ணெயைக் கண்டுபிடித்தவர் அவரே என்று சிலர் எழுதுவது உண்மையன்று. தொடக்கப் பள்ளிகளில் அறிவியலை எவ்வாறு திட்டமிட்டுக் கற்பிப்பது என்று ஆசிரியர்க்கு எழுதிக் காட்டிய கார்வரை அறிந்தோர் நம்மிடையே சிலரே. அந்தக் கார்வரைப் பற்றியே இங்கு எழுத விழைகிறேன்.

அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் டயமண்ட் என்னும் சிற்றூரை அடுத்த பண்ணையில், 1864ஆம் ஆண்டளவில், அடிமைத் தாயின் மகனாகப் பிறந்தார். பிறந்த நாள் தெரியாது. அடிமைக் குழந்தையின் பிறப்பை யார் குறித்து வைப்பார்? கைக்குழந்தையாக இருந்தபோதே கொள்ளையர் தாயையும் சேயையும் கவர்ந்து சென்றனர். குழந்தை மட்டும் மீட்கப்பட்டது. மீட்டவருக்குப் பண்ணை உரிமையாளர் மோசஸ் கார்வர் ஒரு குதிரையைப் பரிசாக அளித்தார். தாய் மேரி திரும்பவேயில்லை.

அடிமை முறை ஒழிந்தபின் மோசஸும் அவர் மனைவி சூசனும் சிறுவனை வளர்த்தனர். நோஞ்சான் உடம்பாகையால் வயல் வேலை அவனுக்கு இல்லை. காட்டில் திரிந்து செடிகளைச் சேர்த்தான். வாடிய செடிகளைப் பிழைக்க வைத்தான். அண்டை வீட்டார் அவனைச் செடி வைத்தியன் என்றே அழைக்கலாயினர். எழுத்துக்கூட்டிப் படிக்கச் சூசன் அம்மையார் வீட்டிலேயே கற்பித்தார். ஏனெனில், அருகிலிருந்த பள்ளியில் வெள்ளையர் பிள்ளைகளுக்கே இடமுண்டு.

பதினொன்று பன்னிரண்டு வயதில், ஏறக்குறைய எட்டு மைல் தொலைவிலிருந்த நியோஷோ நகருக்குத் தனியே நடந்தான். அங்குக் கறுப்பினப் பிள்ளைகளுக்கு ஓர் ஓரறைப் பள்ளி இருந்தது. பள்ளியை ஒட்டிய வீட்டில் மரியா வாட்கின்ஸ் என்னும் அம்மையார் அடைக்கலம் தந்தார். இடைவேளை மணி அடித்ததும் வேலியைத் தாண்டி வந்து வீட்டு வேலை செய்வான். மணி அடித்தால் மீண்டும் வேலி தாண்டுவான். ஆயினும் அப்பள்ளி ஆசிரியருக்குத் தெரிந்தது சிறிதே. சிறுவன் அதனை விரைவில் கற்று முடித்துக் கன்சாஸுக்குப் புறப்பட்டான்.

ஊர் ஊராகச் சென்று, சமையல் செய்தும் துணி வெளுத்தும் படித்தார். 1885இல் கன்சாஸின் ஹைலண்ட் கல்லூரி கடிதம் வழியே அவருக்கு இடம் தந்தது. நேரில் நிறத்தைக் கண்டதும் மறுத்து அனுப்பியது. ஐந்தாண்டுகளுக்குப் பின் அயோவா மாநிலத்தின் சிம்ப்சன் கல்லூரியில் ஓவியம் பயிலச் சேர்ந்தார். அங்கு எட்டா பட் என்னும் ஆசிரியை, அவருடைய செடி அறிவைக் கண்டு, ஏம்ஸ் நகர வேளாண் கல்லூரிக்கு அனுப்பி வைத்தார். அங்கு 1894இல் இளநிலைப் பட்டமும் 1896இல் முதுநிலைப் பட்டமும் பெற்றார். ஏம்ஸில் இருந்த நாளில், ஒரு பேராசிரியரின் சிறு மகனைச் செடி பார்க்க உடன் அழைத்துச் செல்வது அவர் வழக்கம். ஹென்றி வாலஸ் என்னும் அச்சிறுவன் 1941இல் அமெரிக்காவின் துணைக் குடியரசுத் தலைவரானான். குழந்தைக்கு அறிவியல் கற்பிக்கும் கலை கார்வருக்கு அப்பொழுதே கைவந்திருந்தது எனலாம்.

1896இல் புக்கர் டி. வாஷிங்டனின் அழைப்பை ஏற்று அலபாமா மாநிலத்தின் டஸ்கிகீ நிறுவனத்திற்கு வந்தார். ஆய்வுக்கூடம் இல்லை. குப்பைமேட்டில் கிடந்த புட்டிகளையும் தகரங்களையும் மாணவரைக் கொண்டு பொறுக்கி வந்து ஆய்வுக் கருவிகள் ஆக்கினார். பருத்தி ஒன்றையே பயிரிட்டு வளமிழந்த நிலத்தில் தட்டைப்பயறும் நிலக்கடலையும் விதைக்கச் சொன்னார். 1906இல் குதிரை பூட்டிய வண்டியொன்று நடமாடும் பள்ளியாக உழவரிடமே சென்றது.

நாட்டுப்புறப் பள்ளி ஆசிரியர்களுக்காகவும் அவர் எழுதினார். 1902இல் இயற்கைப் பாடம் பற்றி ஒரு சிறு வெளியீடு. 1910இல் நாட்டுப்புறப் பள்ளிகளில் இயற்கைப் பாடமும் தோட்டமும் பற்றி மற்றொன்று. முதல் வெளியீட்டின் தலைப்பிலேயே இரு கருத்துகளை வைத்தார்: பாடம் படிப்படியாக வளர வேண்டும், பிற பாடங்களோடு இணைய வேண்டும். நம் தொடக்கப் பள்ளிகளில் நான் கண்ட வழக்கமோ வேறு. முதலில் எழுத்து, அது முற்றிய பின்னரே அறிவியல் என்று தள்ளி வைக்கிறோம். எழுத்தில் பின்தங்கிய பிள்ளை இரண்டையும் இழக்கிறது.

இவ்விடத்தில் நம்மவர் உள்ளத்தில் ஓர் ஐயம் எழும், எழ வேண்டும். வயலிலிருந்து மீளவே பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புகிறோம், அங்கும் மண்வெட்டியா? 1953இல் அரை நாள் பள்ளி, அரை நாள் பெற்றோர் தொழில் என்று சென்னை மாநிலத்தில் வந்த திட்டத்தைக் குலக்கல்வி என்று எதிர்த்து, மறு ஆண்டே கைவிடச் செய்தது நம் நாடு. டஸ்கிகீயின் தொழிற்கல்வியை டு போய்ஸ் என்னும் கறுப்பின அறிஞர் 1903இல் கடுமையாகக் கண்டித்ததும் இத்தகைய அச்சத்தாலேயே. அக்கண்டனத்தில் நியாயம் உண்டு. டஸ்கிகீயில் வேலையின் பங்கு மிகுதி என்பதை நானும் மறுக்கவில்லை. ஆனால் பிள்ளையைத் தோட்டத்தில் வேலை வாங்குவது வேறு. தோட்டத்தைப் பிள்ளைக்குப் பாடமாக்குவது வேறு. கார்வரிடமிருந்து நான் எடுத்துக்கொள்வது பின்னதையே.

என் பள்ளியில் மூன்றாம் வகுப்பில் இதைச் செய்து பார்த்தேன். உடைந்த பானையில் கடலை விதைத்தோம். முளை, வேர், இலை என்று நாளும் ஒரு சொல்லைக் கரும்பலகையில் எழுதினோம். வாரம் ஒருமுறை அளவுகோலால் உயரத்தை அளந்து எண்ணை எழுதினோம். மாத இறுதியில் அவரவர் கண்டதை நான்கு வரியில் எழுதச் சொன்னோம். அதுவரை வாய் திறவாத ஒரு சிறுமி, கடலைப் பூ மேலே பூத்தாலும் காய் மண்ணுக்குள்ளேதான் இறங்கும் என்று எழுத்துப் பிழைகளோடு எழுதியிருந்தாள். அவள் தாய் கடலை பறிக்கும் கூலிக்காரி. அவ்வகுப்பில் அதை அறிந்திருந்தவள் அவள் ஒருத்தியே. பிழைகளை மறுநாள் திருத்திக்கொண்டோம்.

கார்வர் மணம் புரியவில்லை. 1940இல் தம் சேமிப்பைக் கொண்டு டஸ்கிகீயில் ஆராய்ச்சி அறக்கட்டளை ஒன்றை நிறுவினார். 1943 சனவரி 5ஆம் நாள் மறைந்து, புக்கர் டி. வாஷிங்டனின் கல்லறைக்கு அருகில் அடக்கம் செய்யப்பட்டார். அதே ஆண்டில் டயமண்ட் பண்ணை தேசிய நினைவிடமாக அறிவிக்கப்பட்டது. இன்று அங்குப் பள்ளிப் பிள்ளைகள் ஆசிரியரோடு வந்து, அவர் செடி சேர்த்த காட்டு வழியே நடந்து இயற்கைப் பாடம் கற்கின்றனர்.