இலக்கமும் ஏடும்: மணிக்கூட்டு மேதை பிரெகேயின் வாழ்வு

பழைய மணிக்கூடு ஒன்றின் பின்மூடியைத் திறந்தால், சக்கரங்களைத் தாங்கும் உலோகத் தகட்டில் ஓர் இலக்கம் பொறிக்கப்பட்டிருப்பதைப் பெரும்பாலும் காணலாம். ஜித்தா நகரின் ஷரஃபியாவில் தொழில் தேடி வந்து வாழும் நம்மவரிடமும், பாட்டன் காலத்து மணிக்கூட்டைப் பெட்டியின் அடியில் வைத்து ஐரோப்பாவுக்கு எடுத்துவந்த குடும்பங்களிடமும் இத்தகைய இலக்கங்கள் உறங்கிக் கிடக்கின்றன. அவற்றைக் கொண்டு மணிக்கூட்டின் வயதை அறியலாமா? அறியலாம், ஆயினும் இலக்கம் மட்டும் போதாது. இதனை விளங்கிக்கொள்ள, ஒரு காலத்தில் உயிர் தப்ப நாடு விட்டுச் சென்ற மாபெரும் கலைஞர் ஒருவரின் வாழ்வை நோக்குவோம்.

அபிரகாம் லூயி பிரெகே 1747ஆம் ஆண்டு ஜனவரி 10ஆம் நாள் நியூஷாதெல் நகரிற் பிறந்தார். இன்று சுவிற்சர்லாந்தைச் சேர்ந்த அந்நிலம் அன்று பிரஷ்ய மன்னரின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. பதினொரு வயதளவில் தந்தையை இழந்தார். தாயை மறுமணம் செய்தவர் மணிக்கூட்டுத் தொழிற் குடும்பத்தவர். அவர் வழியாகவே சிறுவன் இத்தொழிலுக்கு வந்தான். 1762இல் பிரான்சுக்கு அனுப்பப்பட்டு, வேர்சாயில் வேலை பழகினார். பரிசில் மாலை வகுப்புகளிற் கணிதமும் கற்றார். 1775இல் மணம் முடித்து, பரிசின் நடுவே சேன் நதித் தீவின் கரையோரத் தெருவொன்றில் சொந்தப் பட்டறையைத் தொடங்கினார்.

சில ஆண்டுகளிலேயே அவரது புகழ் அரண்மனையை எட்டியது. அணிந்தவரின் நடமாட்டத்தினாலேயே முறுக்கேறும் மணிக்கூட்டை 1780ஆம் ஆண்டளவில் அவர் செய்துகொடுத்தார். 1783இல், அரசி மாரி அந்துவானெத்துக்கென ஒரு மணிக்கூடு செய்யுமாறு அரண்மனைக் காவற்படை அதிகாரி ஒருவர் கேட்டுக்கொண்டார். அன்று அறியப்பட்டிருந்த நுட்பங்கள் யாவும் அதில் அமையவேண்டும். பணத்துக்கும் காலத்துக்கும் எல்லையில்லை என்பது ஏற்பாடு. அதற்கு வழங்கப்பட்ட இலக்கம் 160.

1789இல் புரட்சி வெடித்தது. அரசவையினருக்கு வேலை செய்தவர் என்பதே பிரெகே மீது ஐயம் விழப் போதுமானதாயிற்று. புரட்சித் தலைவர்களுள் ஒருவரான மரா, நியூஷாதெல் பகுதியிற் பிறந்தவர், பிரெகேயின் நண்பர். நாட்டை விட்டு வெளியேறும் அனுமதிப் பத்திரத்தை அவரே பெற்றுக் கொடுத்தார் எனச் சொல்லப்படுகிறது. 1793 ஜூலையில் மரா குத்திக் கொல்லப்பட்டார். அடுத்த மாதமே பிரெகே புறப்பட்டார். முதலில் ஜெனீவா, பின்னர் மலைநகரான லெ லொக்ல். பிறந்த மண்ணேயாயினும், முப்பதாண்டுகள் வாழ்ந்த பரிசை விட்டு வந்தவருக்கு அது அந்நியமாகவே இருந்திருக்கும். அவ்வாண்டு ஒக்டோபரில் அரசி கொலைக்களம் சென்றார். அவருக்கான மணிக்கூடு முடிவுறவில்லை.

லெ லொக்லில் சில தொழிலாளருடன் சிறு பட்டறை அமைத்துப் பிரெகே வேலையைத் தொடர்ந்தார். 1795இல் பரிசுக்கு மீண்டபோது பழைய பட்டறை குலைந்து கிடந்தது. வாடிக்கையாளர் பலர் மாண்டும் சிதறியும் போயிருந்தனர். அவர் புதிய வழியொன்றைக் கண்டார். ஒற்றை முள் கொண்ட எளிய மணிக்கூட்டுக்கு, விலையின் காற்பங்கை முன்கூட்டியே பெற்றுக்கொண்டு அதனைச் செய்து கொடுத்தார். இத்தகைய வணிகம் கணக்கேட்டின் நேர்மையிலேயே நிலைக்கும். 1801இல், புவியீர்ப்பினால் நேரும் பிழையைக் குறைக்கும் சுழல்கூட்டு அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார்.

அவரது ஏடுகளில் மணிக்கூட்டின் இலக்கம், அமைப்பு, விலை, வாங்கியவர் பெயர், விற்ற நாள் என்பன பதியப்பட்டன. பழுதுபார்க்கத் திரும்பிவந்தால் அதுவும் எழுதப்பட்டது. 1798 ஏப்ரலில், எகிப்துப் படையெடுப்புக்குச் சற்று முன்னர், நெப்போலியன் வாங்கிய மூன்று மணிக்கூடுகளும் அவற்றிற் பதிவாகின. பரிசிலிருந்த உதுமானியத் தூதுவர் அலி எபெந்தியின் நட்பினாற் கீழைத்தேசச் சந்தையும் திறந்தது. அச்சந்தைக்கான முகப்புகளில் இடம்பெற்ற இலக்க வடிவங்களை இன்றும் ஷரஃபியாவின் கடைப் பலகைகளிற் காணலாம்.

புகழ் பெருகப் போலிகளும் பெருகின. வெறுங்கண்ணுக்கு எளிதிற் புலப்படாத இரகசியக் கையொப்பத்தை முகப்பிற் பொறிக்கும் வழக்கத்தைப் பிரெகே கைக்கொண்டார். ஆயினும் கையொப்பத்தையும் இலக்கத்தையும் எவரும் களவாகப் பொறிக்கலாம். பிறருடைய ஏட்டில் அதற்குரிய வரியை எழுதிவிட முடியாது.

ஏட்டின் வலிமைக்கு இரு சான்றுகள் போதும். நேப்பிள்ஸ் அரசி கரோலின் முரா 1810இல் கேட்டு, 1812இற் பெற்றுக்கொண்ட மணிக்கூட்டின் இலக்கம் 2639. தலைமயிரும் பொன்னிழையும் பின்னிய பட்டியுடன் கையில் அணியச் செய்யப்பட்டது அது. அறியப்பட்ட முதற் கைக்கடிகாரம் என்பர். 1855இற் பழுதுபார்க்கப்பட்ட பின் அது என்னவாயிற்று என்பது தெரியவில்லை. பொருள் மறைந்தும் அதன் வரலாறு ஏட்டில் வாழ்கிறது. மற்றையது 160. இலக்கத்தை மட்டும் நம்பினால் இதுவே மூத்தது என்போம். ஆனால் அது முடிவுற்றது 1827இல்! அரசி இறந்து முப்பத்து நான்கு ஆண்டுகள். பிரெகேயே இறந்து நான்கு ஆண்டுகள்.

1816இல் பிரெஞ்சு விஞ்ஞானக் கழகத்தின் உறுப்பினராகிய பிரெகே, 1823 செப்ரெம்பர் 17ஆம் நாள் காலமானார். மகனும் பேரனும் தொழிலைத் தொடர்ந்தனர். 1870இல் நிறுவனம் ஆங்கிலேயர் ஒருவரின் கைக்கு மாறியது. உரிமையாளர் மாறியும் ஏடுகள் காக்கப்பட்டன. இன்றும் பரிசில் உள்ளன. 160ஆம் இலக்க மணிக்கூடு 1983இல் ஜெருசலேம் அரும்பொருளகம் ஒன்றிலிருந்து திருடப்பட்டு, 2007இல் மீட்கப்பட்டது.

நமது பாட்டனாரின் மணிக்கூடு இத்தகைய அரும்பொருளாக இராது. எனினும் ஆராயும் முறை ஒன்றுதான். கூடு வேறொருவர் செய்ததாகவும், இடையில் மாற்றப்பட்டதாகவும் இருக்கலாம். ஆகையால் உள்ளியந்திரத்தின் இலக்கத்தையே முதலிற் பார்க்கவேண்டும். அமெரிக்காவின் வால்தம் போன்ற நிறுவனங்களுக்கு, எவ்விலக்கம் எவ்வாண்டுக்குரியது எனக் காட்டும் அட்டவணைகள் உண்டு. அவை தருவது அண்ணளவான ஆண்டையே. மணிக்கூடு பல ஆண்டுகள் கழித்து விற்கப்பட்டிருக்கவும் கூடும்.

அகதி விண்ணப்பம் செய்த ஒவ்வொருவருக்கும் இன்று ஒரு கோவை இலக்கம் உண்டு. அவ்விலக்கம் வந்த நாளைச் சொல்லும், வந்தவரைச் சொல்லாது. பிறப்புப் பதிவும் காணி உறுதியும் வீட்டோடு எரிந்துபோன நம்மவர், தாம் யாரென மெய்ப்பிக்க அதிகாரிகள் முன் படும் பாட்டை நாம் அறிவோம். எரிந்த ஏட்டை மீட்க இயலாது. ஆனால் புதிய ஏட்டைத் தொடங்கலாம். பாட்டனாரின் மணிக்கூட்டு இலக்கத்தை ஒரு கொப்பியில் எழுதி, வாங்கியவர் பெயரையும் ஊரையும் ஆண்டையும் அருகே குறியுங்கள். குடும்பத்தவரின் பிறந்த நாட்களையும் அதிலேயே எழுதுங்கள். பிரதியொன்றை வேறு நாட்டிலுள்ள உறவினரிடம் கொடுத்து வையுங்கள். விவரம் தெரிந்த மூத்தோர் நம்மிடையே இருக்கும்போதே இதனைச் செய்துவிட வேண்டும்.