கல்வெட்டுப் பேரறிஞர் சதாசிவ பண்டாரத்தார்

ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் குடந்தைக்கு அருகிலுள்ள திருப்புறம்பயத்தில் நிகழ்ந்த பெரும்போர், சோழப் பேரரசின் எழுச்சிக்கு வழிகோலியது. அதே ஊரில், 1892 ஆகஸ்டு 15 ஆம் நாள், வைத்தியலிங்கப் பண்டாரத்தாருக்கும் மீனாட்சி அம்மையாருக்கும் மகனாகத் தோன்றியவர் தி. வை. சதாசிவ பண்டாரத்தார். அப்பேரரசின் வரலாற்றைத் தமிழில் முறைப்பட எழுதும் பேறும் அவருக்கே வாய்த்தது.

1917 முதல் 1942 வரை, இருபத்தைந்து ஆண்டுகள், அவர் குடந்தைப் பாணாதுறை உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியராக விளங்கினார். கற்பித்தலோடு கல்வெட்டாய்வையும் இடையறாது மேற்கொண்டார். 'முதற் குலோத்துங்க சோழன்' 1930 இலும் 'பாண்டியர் வரலாறு' 1940 இலும் வெளிவந்தன. இவ்விரண்டும் பள்ளி ஆசிரியராய் இருந்தபோதே அவர் படைத்தவை. பல்கலைக்கழகம் அவரை ஆக்கவில்லை. ஆகி நின்றவரை அழைத்துக்கொண்டது.

1942 இல், ஐம்பதாம் அகவையில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத் தமிழ் ஆராய்ச்சித் துறையில் சேர்ந்தார். நீலகண்ட சாஸ்திரியாரின் சோழர் வரலாறு அந்நாளில் ஆங்கிலத்திலேயே பயிலப்பட்டது. தமிழ் மட்டுமே அறிந்த மாணவனுக்கும் தன் நாட்டு வரலாறு எட்டவேண்டும் என்னும் குறை, 'பிற்காலச் சோழர் சரித்திரம்' முதற்பகுதி 1949 இலும் இரண்டாம் பகுதி 1951 இலும் வந்தபோது நீங்கியது. விருத்தாசலம் திருக்கோயிலைக் கற்றளியாக்கிய செம்பியன் மாதேவியாரின் காலமும், 1231 இல் மூன்றாம் இராசராசனைச் சேந்தமங்கலத்தில் சிறைவைத்த கோப்பெருஞ்சிங்கனின் காலமும் அவற்றுள் அடங்கும். நம் வட்டாரத்தார்க்கு அவை சொந்த ஊர்க்கதைகளே.

அவர்தம் ஆய்வுநெறி கவிஞர்கள் கருதத்தக்கது. ஒட்டக்கூத்தர் மூன்று சோழர்மீது பாடிய உலாக்களையும் கோயிற்சுவரின் மெய்க்கீர்த்திகளையும் அருகருகே வைத்து நோக்கினார். புகழ்ச்சியை நீக்கியபின் எஞ்சும் செய்தியையே வரலாறாகக் கொண்டார். பாட்டைப் பொய்யென்று தள்ளவுமில்லை. முழுவதும் மெய்யென்று நம்பவுமில்லை.

1960 சனவரியில் அவர் மறைந்தார். சோழர் ஆட்சிமுறையை விளக்கும் மூன்றாம் பகுதி, அவர் காணாமலே 1961 இல் நூலாயிற்று.

பத்தாண்டு கண்ட நம் வட்டத்தின் கவிஞர்களும் நாளை ஓர் ஆய்வாளனுக்குச் சான்றாகக்கூடும். நம் பாடல்களில் புகழுரையைக் களைந்தபின் எஞ்சுவது யாது என்பதை இன்றே நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.