ஈமானுக்கு அரணாகும் நேரிய சிந்தனை

மார்க்கத்தின் பகைவரால் விளையும் தீங்கினும், முறையறியாது அதற்காக வாதிடும் நண்பரால் விளையும் தீங்கு பெரிது. இவ்வுண்மையைத் தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே எடுத்துரைத்தவர்கள் ஹுஜ்ஜத்துல் இஸ்லாம் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள். 'இஹ்யா உலூமித்தீன்' என்னும் பெருநூலின் ஆசிரியராக அப்பெருந்தகையை அறிந்துள்ள நாம், வாதப் பிழைகளைக் களைந்த அறிஞராகவும் அறிதல் வேண்டும்.

ஹிஜ்ரி 450இல் (கி.பி. 1058) குராசான் நாட்டின் தூஸ் நகரில் பிறந்த இமாமவர்கள், இளமையிலேயே தந்தையை இழந்தார்கள். நிஷாப்பூரில் இமாமுல் ஹரமைன் ஜுவைனி அவர்களிடம் பயின்று, 1091இல் பக்தாது நிழாமிய்யா மத்ரஸாவின் பேராசிரியரானார்கள்.

கேட்டதை அப்படியே ஏற்கும் இயல்பு அவர்களிடம் இல்லை. அசையாதது போல் தோன்றும் நிழல் உண்மையில் நகர்கிறது. பொற்காசளவாகத் தெரியும் விண்மீன் பூமியினும் பெரிது. அவ்வாறாயின் கண்ணை எங்ஙனம் நம்புவது? கண்ணைத் திருத்தும் அறிவையும் திருத்த வேறொன்று இருக்கலாகாதோ? இவ்வையம் ஏறத்தாழ இரு திங்கள் அவர்களை நோயாய் வாட்டியது. இறைவன் நெஞ்சில் பாய்ச்சிய ஒளியாலேயே அதினின்று மீண்டதாகத் தம் வரலாற்று நூலாகிய 'அல்முன்கித்'தில் குறிப்பிடுகிறார்கள்.

'தஹாஃபுத்துல் ஃபலாஸிஃபா' என்னும் நூலில் தத்துவ வாதிகளின் இருபது கொள்கைகளை ஆய்ந்து, அவற்றின் சான்றுகள் அவர்தம் அளவைநூல் விதிகளுக்கே நில்லாமையைக் காட்டினார்கள். எனினும், கிரகணத்திற்குக் கணிதம் கூறும் காரணத்தை மறுப்பதை மார்க்கப் பணியெனக் கருதுவோரை அந்நூலிலேயே கண்டித்தார்கள். கணக்கிட்டுத் தெளிந்தவன், அம்மறுப்பைக் கேட்டுத் தன் கணக்கை ஐயுறான், மார்க்கத்தையே ஐயுறுவான்.

இவ்விடத்து இருவகைப் பிழைகளை இமாமவர்கள் சுட்டுகிறார்கள். கணிதத்தில் வல்லோர் இறைமை பற்றிக் கூறுவதும் பிழையற்றதே என நம்பி வழி தவறுவோர் ஒருசாரார். தத்துவ வாதிகள் சொன்னவை என்பதாலேயே மெய்யான கலைகளையும் தள்ளுவோர் மற்றொரு சாரார். இருவரும் சொல்லை ஆராயாது, சொன்னவரைக் கொண்டே முடிவு செய்கின்றனர்.

பிறர் பிழை கண்ட இமாமவர்கள் தம்மையும் சோதித்துக் கொண்டார்கள். தம் கற்பித்தலில் புகழாசை கலந்திருப்பதை உணர்ந்து, 1095இல் ஆறு திங்கள் அலைக்கழிந்தார்கள். நா எழாது பாடமும் தடைப்பட்டது. முடிவில் பதவியும் செல்வமும் துறந்து திமிஷ்கு சென்றார்கள். பைத்துல் முகத்தஸில் தங்கினார்கள். ஹஜ்ஜுக் கடமையை நிறைவேற்றினார்கள். பின்னர் 1106இல் நிஷாப்பூரில் மீண்டும் கற்பிக்கலானார்கள். 1111இல் தூஸில் இறையடி சேர்ந்தார்கள்.

இன்று வகுப்பறையில் அறிவியல் பயிலும் நம் மாணவச் செல்வங்கள் சிலர், படித்த சில பக்கங்களைக் கொண்டு ஈமானைத் துறக்கத் துணிகின்றனர். அவர்களைத் தடுக்க விழையும் பெரியோர் சிலர், மெய்ப்பிக்கப்பட்ட அறிவியலையே பழிக்கின்றனர். இரண்டும் இமாமவர்கள் சுட்டிய பழைய பிழைகளே. வினவும் மாணவனை அதட்டி அடக்காது, அவனோடு அமர்ந்து ஆராய்வோமாக. தெரியாததைத் தெரியாதென ஒப்புவது ஈமானுக்கு இழுக்கன்று. நேரிய சிந்தனையையும் தூய எண்ணத்தையும் வல்ல அல்லாஹ் நம் அனைவர்க்கும் அருள்வானாக. ஆமீன்.